உழைப்போர் முதுகும் பாலப் பயிற்சியும்

நிமிர்ந்த நடையே மனிதனின் கையை உழைப்புக்கென விடுவித்தது என்பதை எங்கெல்ஸ் 1876 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் விளக்கினார். விடுதலை பெற்ற கை தூக்கிய சுமையைத் தாங்கும் பொறுப்போ முதுகைச் சார்ந்தது. 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 619 மில்லியன் மக்கள் கீழ்முதுகு வலியுடன் வாழ்ந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. எனவே இது தனிமனிதரின் குறைபாடு மட்டுமன்று, சமூகப் பிரச்சினையுமாகும்.

படுக்கை ஓய்வே இவ்வலிக்கு மருந்து என்ற கருத்து நெடுங்காலம் கோலோச்சியது. ஹெல்சிங்கி நகரசபை ஊழியர் 186 பேரைக் கொண்டு நடத்தப்பெற்று 1995 இல் வெளியான ஆய்வு அதனை மறுத்தது. படுத்திருந்தோரை விடவும், முதுகுக்கெனத் தனிப் பயிற்சி செய்தோரை விடவும், வலி இடந்தந்த அளவில் வழக்கம்போல் நடமாடியோரே விரைவிற் குணமடைந்தனர். வலி திடீரெனத் தோன்றிய நாள்களுக்கு உரிய முடிவு இது. பயிற்சி தன் முழுப் பயனைத் தருவது அதற்குப் பின்னர், நாட்பட்ட வலியிலும் உடலை மீளப் பழக்குவதிலுமே.

அத்தகைய பயிற்சிகளுள் எளிமையானது பாலப் பயிற்சி. வலிக்கு அஞ்சி அசையாதிருப்போரின் தசைகள் மெலிகின்றன. மெலிந்த தசைகள் சுமையைத் தாங்கா. பிட்டத் தசை, பின்தொடைத் தசை, முள்ளந்தண்டை நிமிர்த்தும் தசைகள் ஆகியவற்றை ஒருங்கே இயக்கி, பாரமான கருவியெதுவுமின்றி அவற்றை வலுப்படுத்துவதே இதன் தன்மை.

செய்முறை வருமாறு: மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களை இடுப்பகல இடைவெளியில் ஊன்றுக. வயிற்றுத் தசையைச் சற்றே இறுக்கி, குதிகாலால் தரையை அழுத்தி இடுப்பை உயர்த்துக. தோள், இடுப்பு, முழங்கால் ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமைந்தாற் போதும். அதற்கு மேல் முதுகை வளைத்தல் கூடாது. மூச்சை அடக்காது ஐந்து விநாடி நின்று மெதுவாக இறங்குக. எட்டுப் பத்து முறை இவ்வாறு செய்யலாம். இது எளிதாகிய பின்னரே ஒற்றைக் காலில் உயர்தல் தகும். பக்கவாட்டுப் பாலத்தில், ஒருக்களித்துப் படுத்து, முழங்கையையும் மடக்கிய முழங்காலையும் ஊன்றி இடுப்பை உயர்த்த வேண்டும். இது விலாப்புறத் தசைகளைப் பலப்படுத்தும்.

வலி காலுக்குப் பரவினாலோ கூடினாலோ பயிற்சியை நிறுத்துக. காலில் பலவீனம், தொடையிடுக்கில் மரத்தல், சிறுநீர் மலக் கட்டுப்பாட்டை இழத்தல், காய்ச்சல், விழுந்தெழுந்தபின் கடுமையான வலி ஆகியன தோன்றின் உடனடியாக வைத்தியரை நாட வேண்டும்.

நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு, உலக சுகாதார ஸ்தாபனம் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டல் பயிற்சியைப் பரிந்துரைக்கின்றது. இடுப்புப் பட்டியை வழமையாக அணிவதைப் பரிந்துரைக்கவில்லை. எனினும் பயிற்சியொன்றே போதுமெனக் கூறுதல் பொறுப்பைப் பாதிக்கப்பட்டோர் மீதே சுமத்துவதாகும். மலைச்சரிவில் நின்று கொழுந்து பறித்து, அதனை முதுகிற் சுமக்கும் பெண்ணுக்குப் பத்து நிமிடப் பயிற்சி பயன்தரும். ஆயின், அதற்குரிய ஓய்வு நேரமும் சுமையின் குறைப்பும் அவளுக்குக் கிட்டுதல் வேண்டும். தசையை வலுப்படுத்துவது பயிற்சி. அவ்வலிமையைப் பேணுவது வேலை நிலைமை. இவ்விரண்டையும் பிரித்து நோக்கும் மருத்துவம் முழுமையடையாது.