உங்களுக்குத் தெரியுமா? இசைத்தட்டு ஊளையிடுவது ஏன்?

■ ஸ்பீக்கர் அதிரும்போது தரையும் மேசையும் அதிர்கின்றன. இசைத்தட்டின் ஊசி அந்த அதிர்வையும் பாட்டோடு சேர்த்துப் படிக்கிறது; ஆம்பிளிபயர் அதைப் பெருக்கி மறுபடியும் ஸ்பீக்கருக்கே அனுப்புகிறது. இந்தச் சுற்று வளர்ந்தால் பாட்டு அமுங்கி, ‘ஊம்ம்’ என்ற ஊளைதான் மிஞ்சும்.

■ பலகைத் தரை போட்ட வீட்டில் தொல்லை கூடும். ஆள் நடந்தாலே ஊசி துள்ளும். அங்கே மேசையைவிட, வீட்டுத் தூணில் இறுக்கிய அலமாரித் தட்டில் பிளேயரை வைப்பது நல்லது. ஸ்பீக்கர் அதே தட்டில் இருக்கக் கூடாது.

■ 1961இல் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தின் எட்கர் வில்ச்சர், சுழல்தட்டையும் ஊசிக்கரத்தையும் ஒரே சட்டத்தில் பொருத்தி ஸ்பிரிங்கில் மிதக்கவிட்டார். இரண்டும் சேர்ந்தே அசைவதால் ஊசிக்கு அதிர்வு குறைவாகவே தெரியும்.

■ மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாய் (இன்றைய பெஸ்தாரி ஜெயா) வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் பால் வெட்டிய ரப்பரும் இதே வேலையைச் செய்யும். லண்டனில் சுரங்க ரயில் நிலையத்துக்கு மேலே 1966இல் எழுந்த ஆல்பனி கோர்ட் குடியிருப்பு, ரயில் அதிர்வு ஏறாதிருக்க இயற்கை ரப்பர் தாங்கிகள்மீது நிற்கிறது. பிளேயருக்கு அடியில் வைக்கும் ரப்பர் பாரத்தில் சற்றே அமுங்க வேண்டும். கல்லாய் இறுகியது உதவாது.

■ சோதித்துப் பாருங்கள்: நின்றிருக்கும் இசைத்தட்டில் ஊசியை வைத்து, வழக்கமான ஒலி அளவில் மேசையை மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் ‘தும்’ என்று பலமாகக் கேட்டால், பிளேயரை இடம் மாற்றுங்கள்.