எத்தனை மில்லிகிராம்?

ஐப்பசி, கார்த்திகையில் திருப்பூர் மாவட்டம் மூலனூர், கரூர் மாவட்டம் அரவக்குறிச்சிப் பக்கம் போனால் கம்பி கட்டி ஏற்றிய கொடிகளில் செங்காந்தள் பூத்திருக்கும். விவசாயிகள் அதைக் கண்வலிக்கிழங்கு என்பார்கள். காய் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று காலையிலேயே ஆள் விட்டு, ஒரு பூவின் மகரந்தத்தை அடுத்த பூவின் சூல்முடியில் தொட்டு வைக்கிறார்கள். இத்தனை பாடும் விதைக்காக. அந்த விதையிலிருந்து கோல்ச்சிசின் என்ற மருந்து பிரிக்கப்படுகிறது. யூரிக் அமிலம் படிகமாகி மூட்டில் தங்கி, கால் பெருவிரலில் துணி பட்டாலே உயிர் போகிற கௌட் வலிக்கு மருத்துவர் எழுதிக் கொடுப்பது அதைத்தான். செடியோ கடும் நஞ்சு. நஞ்சை மருந்தாக்கியது அளவு. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் வாங்கியவர்களுக்கும் ஒரே மணி நேரத்தில் 1.8 மில்லிகிராம் மட்டும் வாங்கியவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி வலி தணிந்தது. வயிற்றுப்போக்கு மட்டும் முதல் தரப்பில் 77 சதவீதம், இரண்டாம் தரப்பில் 23 சதவீதம். பல நூற்றாண்டுகள் புழங்கிய ஒரு தாவர மருந்துக்கே சரியான அளவு பிடிபட இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. நாள்பட்ட மூட்டுவலிக்கு என்று கடையில் விற்கும் எந்த இயற்கைப் பொருளையும் இதே தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. எத்தனை மில்லிகிராம் சாப்பிடுகிறோம், அதில் எவ்வளவு ரத்தத்தில் சேர்கிறது, சேர்ந்து எதைக் குறைக்கிறது?

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். 1820இல் கோல்ச்சிசினைப் பிரித்த இருவரில் ஒருவரான பிரெஞ்சு வேதியியலர் பெல்தியே, அதற்கு ஐந்தாண்டு முன்னரே ஃபோகெல் என்பவருடன் சேர்ந்து மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினையும் பிரித்திருந்தார். மூத்தது குர்குமின்தான், ஆனாலும் இன்றுவரை அதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு கிடையாது. கணக்கு எளிது. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். ஒரு தேக்கரண்டித் தூள் 3 கிராம் என்றால் அதில் 90 மில்லிகிராம். ஆய்வுகளில் தரப்படுவதோ பெரும்பாலும் நாளுக்கு 500 முதல் 1500 மில்லிகிராம். ராத்திரி குடிக்கும் மஞ்சள் பாலில் அரைத் தேக்கரண்டிகூட இருக்காது. வயிற்றுக்குள் போனதிலும் பெரும்பகுதி ரத்தத்துக்கு வருவதில்லை. நீரில் கரையாது, குடலும் கல்லீரலும் அதை உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினை அப்படியே கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் அது கண்டுபிடிக்க முடியாத அளவிலோ மிகச் சொற்பமாகவோதான் இருந்தது. கூடவே மிளகின் காரப்பொருளான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்ததும் உறிஞ்சுதல் 2000 சதவீதம் கூடியது. பாலில் மிளகைத் தட்டிப் போட்ட பாட்டிமார்களுக்கு இது தெரிந்திருந்தது என்று மேடைகளில் கைதட்டல் வாங்குகிறார்கள். ஒன்றுமே இல்லாததற்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றை இருபது மடங்காக்கினாலும் எவ்வளவு வந்துவிடும் என்று யாரும் கேட்பதில்லை.

ஆய்வுக்கூடத் தட்டில் வைத்த செல்கள் மேல் குர்குமின் அழற்சியை அடக்குவதாகச் சொல்லும் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. 2017இல் அமெரிக்க வேதியியலர் குழு ஒன்று இவற்றையெல்லாம் அலசி, குர்குமின் சோதனை முறையையே குழப்பிவிடும் மூலக்கூறு என்று எச்சரித்தது. தானே ஒளிரும், கண்ட புரதத்தோடும் ஒட்டும். அதனால் வேலை செய்யாத இடத்திலும் வேலை செய்ததுபோல் காட்டும். மனிதர்கள் மேல் நடந்தவற்றில் இரண்டு ஆய்வுகளை நான் மதிக்கிறேன். 2014இல் தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரில் ஒரு சாராருக்கு நாளுக்கு 1500 மில்லிகிராம் மஞ்சள் சாறும், மற்றவர்களுக்கு 1200 மில்லிகிராம் ஐபுபுரூஃபனும் நான்கு வாரம் தரப்பட்டன. வலி குறைந்ததில் மஞ்சள் பின்தங்கவில்லை. வயிற்றுத் தொந்தரவும் குறைவு. வெற்று மாத்திரை பெற்ற மூன்றாவது குழு இல்லாதது அதன் ஓட்டை. 2020இல் டாஸ்மேனியாவில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டே பார்த்தார்கள். முழங்காலில் வலியும் நீர்க்கோர்வையும் இருந்த 70 பேர், 12 வாரம். மஞ்சள் சாறு சாப்பிட்டவர்களுக்கு வலி ஓரளவு கூடுதலாகக் குறைந்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் மூட்டுக்குள் இருந்த நீர் மட்டும் குறையவே இல்லை. ‘அழற்சியைப் போக்கும்’ என்று புட்டியில் அச்சடிப்பவர்கள் இந்த ஆய்வின் முதல் பாதியைத்தான் மேற்கோள் காட்டுவார்கள்.

சாப்பிட்டேன், வலி குறைந்தது, இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்று கேட்பவர்கள் நிறைய. மூட்டுவலி ஏறி இறங்கும் வலி. தாங்க முடியாத வாரத்தில்தான் யாரும் புது மாத்திரை தேடிப் போவார்கள். எதுவும் சாப்பிடாவிட்டாலும் அடுத்த சில வாரங்களில் பலருக்கு அது இறங்கியிருக்கும். எவ்வளவு பேருக்கு என்பதை அமெரிக்காவில் 1583 பேரைக் கொண்டு நடத்தி 2006இல் வெளியிட்ட, மூட்டுவலிக்கு விற்கும் குளுக்கோசமின் என்ற துணைச்சத்து பற்றிய ஆய்வு காட்டியது. முழங்கால் வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தால் பலன் என்று வைத்துக்கொண்டார்கள். குளுக்கோசமின் சாப்பிட்டவர்களில் 64 சதவீதம் பேருக்குப் பலன். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 60 சதவீதம் பேருக்குப் பலன். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பொய்யே இல்லை. அவர் அந்த அறுபதில் ஒருவரா, மீதி நான்கில் ஒருவரா என்று அவராலேயே சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

வெற்று மாத்திரையாகவே இருக்கட்டும், வலி போனால் சரிதானே? தேய்மான வலிக்கு இந்த வாதத்தை நான் பாதி ஒப்புக்கொள்வேன். வலி நிவாரணிகளை வருடக்கணக்கில் விழுங்கினால் இரைப்பைப் புண், சிறுநீரகக் கோளாறு, மாரடைப்பு அபாயம் எல்லாம் வரும். அந்த இனத்தைச் சேர்ந்த ரோஃபெகாக்சிப் 2004இல் சந்தையை விட்டே போனது. ஐபுபுரூஃபன் ஒத்துக்கொள்ளாத வயதானவர், தன் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மூன்று மாதம் மஞ்சள் மாத்திரை சாப்பிட்டுப் பார்ப்பதில் தவறு காண மாட்டேன். முடக்குவாதத்துக்கு இது செல்லாது. அங்கே உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுச் சவ்வைத் தாக்கி, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. அரிப்பு முதல் சில மாதங்களிலேயே தொடங்கிவிடக்கூடியது. அரித்த எலும்பு திரும்பி வளராது. மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள் நிறுத்துவது அந்த அரிப்பை. வலி மட்டும் அடங்கி அழற்சி தொடருமானால், டாஸ்மேனியாவில் நீர் வற்றாமல் நின்றதுபோல, விரல்கள் கோணும் வரை ஆபத்து தெரியாது. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காமல் விறைத்துக் கிடந்தால், கேப்ஸ்யூலைத் தேடுவதற்கு முன் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

அப்படியானால் முடக்குவாதத்தில் இயற்கைப் பொருள் எதற்கும் இடமில்லையா? மீன் எண்ணெய்க்கு உண்டு. அதற்கு அளவும் தெரியும். மீன் எண்ணெயின் இபிஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு, செல் சவ்வில் அராக்கிடோனிக் அமிலத்தின் இடத்தைப் பிடிக்கிறது; அழற்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் அந்த அமிலத்திலிருந்து பிறப்பவை என்பதால் உற்பத்தி அடிமட்டத்திலேயே குறைகிறது. ஆனால் இபிஏ, அதோடு வரும் இன்னொரு ஒமேகா-3 கொழுப்பான டிஹெச்ஏ இரண்டும் சேர்ந்து நாளுக்கு 2.7 கிராம் வேண்டும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண 1000 மில்லிகிராம் கேப்ஸ்யூலின் பின்பக்கம் பாருங்கள்: இபிஏ 180, டிஹெச்ஏ 120. மொத்தம் 300தான், மீதி வேறு கொழுப்பு. அப்படியானால் நாளுக்கு ஒன்பது கேப்ஸ்யூல். தினம் ஒன்று போட்டுக்கொண்டு பலனில்லை என்பவரும் பலன் உண்டு என்பவரும் ஒரே அளவுக்கு ஆதாரமற்றவர்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் முடக்குவாதம் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு இவ்விரண்டும் சேர்ந்து நாளுக்கு 5.5 கிராம் கொடுத்தபோது மருந்து பலிக்காமல் போவது குறைந்தது. அந்த நோயாளிகள் எல்லாரும் மெத்தோட்ரெக்ஸேட் உள்ளிட்ட மூன்று மருந்துகளையும் கூடவே சாப்பிட்டு வந்தவர்கள் என்பதை அடிக்கோடிட வேண்டும்.

இயற்கைப் பொருள் என்றால் பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கை, குர்குமின் ரத்தத்தில் சேராத வரை சரியாகத்தான் இருந்தது. சேர வைக்க நிறுவனங்கள் பைப்பரினைக் கலந்தன, நுண்துகளாக்கின. அதன்பின் மருந்துக்குரிய கெடுதலும் வந்துசேர்ந்தது. அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் மருத்துவமனைக் கூட்டமைப்பு ஒன்று, மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்ட பத்துப் பேரைப் பற்றி 2022இல் எழுதியது. அவர்களில் ஏழு பேரிடம் ஒரே மரபணு வகை இருந்தது, ஒருவர் இறந்தார். அதே ஆண்டில் இத்தாலி இத்தகைய மாத்திரைகளின் மேல் எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. பேச்சு குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றியது அல்ல. பைப்பரின் தடுக்கும் நொதிகள் வேறு மருந்துகளையும் கையாள்பவை. வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், இதயத்துக்குத் தரும் புரோப்ரனலால் போன்றவை ரத்தத்தில் தேவைக்கு மேல் ஏறிவிடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மஞ்சள் மாத்திரையைத் தொடாமல் இருப்பது நல்லது. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ கண் மஞ்சளித்தாலோ அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வகை உண்டு: இரண்டே நாளில் வலி பறந்துவிடும் ‘மூலிகை’ மாத்திரை. குளுக்கோசமினோ மஞ்சளோ மீன் எண்ணெயோ அந்த வேகத்தில் வேலை செய்யாது. ஆர்ட்ரி கிங் என்ற பெயரில் மூலிகைத் துணைச்சத்தாக விற்ற மாத்திரையை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் சோதித்தபோது, லேபிளில் சொல்லாத டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரணியும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் அதில் இருந்தன. இப்படிப்பட்ட ஒன்றை மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் விஷயம் தெரிந்ததும் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தக்கூடாது. உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் அடங்கிப்போயிருக்கும். மாத்திரையை மருத்துவரிடம் எடுத்துப்போய்க் காட்டி, அவர் சொல்படிதான் விட வேண்டும்.