இடிந்து விழுந்தபின் யாரைக் கேட்பது?

1988-ஆம் ஆண்டு ஜூலை 31. பட்டர்வொர்த் சுல்தான் அப்துல் ஹாலிம் படகுத்துறையில் அன்று மாலை கட்டுக்கடங்காத கூட்டம். ஒரு பக்கம் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழா. மறுபக்கம் தீவில் சீனர்களின் குவான் யின் ஊர்வலம். பினாங்குப் பாலம் 1985-லேயே திறக்கப்பட்டிருந்தாலும், பஸ்ஸில் வந்து இறங்கும் கெடா தோட்டத்து மக்களுக்கு அன்றைக்குத் தீவின் வாசல் படகுத்துறைதான். கெடா சுல்தானின் பெயரைத் தாங்கிய துறையும் கூட! படகுக்குக் காத்திருந்தவர்களோடு மேல்தளம் சரிந்து விழுந்தது. 32 பேர் உயிரிழந்தார்கள். 1,600-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அறிக்கையும் வந்தது. ஆனாலும் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் பீடோங்கிலும் நாலு பேர் கூடிப் பேசும் இடங்களில் இன்றுவரை அதே கேள்விதான் எழுகிறது. ஒரு கட்டடம் இடிந்தால் யார் பொறுப்பு? கட்டியவரா, வரைந்தவரா, அனுமதி கொடுத்தவரா? மேடையில் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவதைக் கேட்டுக் கேட்டு மக்கள் சலித்துப் போனார்கள் என்பதே உண்மை.

இந்தக் கேள்விக்கு நாட்டின் நீதிமன்றங்கள் விரிவாகப் பதில் சொன்ன வழக்கு ஒன்று உண்டு. 1993-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் முதல் கட்டடம் சாய்ந்தது. மாண்டவர்கள் 48 பேர். அதன் பின்னால் இருந்த மலைச்சரிவில் தடுப்புச் சுவர்கள் சரியாகக் கட்டப்படவில்லை. ஓடை நீரைத் திருப்பிவிட்ட வடிகாலும் பராமரிப்பின்றிக் கிடந்தது. தொடர்ந்து பெய்த மழைநீர் மண்ணில் இறங்கியது. சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. சரிந்த மண் கட்டடத்தின் அடித்தளத்தையே தள்ளிவிட்டது.

2000-ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் பொறுப்பைப் பலருக்கும் பங்கு போட்டது. மேம்பாட்டு நிறுவனம், வரைபடம் தயாரித்தவர், பொறியியலாளர், மேலே இருந்த நிலத்தின் உரிமையாளர் என யாரும் தப்பவில்லை. ஊராட்சி மன்றத்தின் பங்கு நூற்றுக்கு 15. வீடிழந்தவர்கள் ஆறுதலடைந்த நேரம் அது. ஆனால் 2006-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் ஊராட்சி மன்றத்தை முழுதாக விடுவித்துவிட்டது. 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2)-ஆம் பிரிவு, கட்டடங்களைப் பரிசோதித்து அனுமதி வழங்கும் பணிக்காக ஊராட்சி மன்றத்தின் மீது வழக்குத் தொடுக்க முடியாதபடி பாதுகாப்பளிக்கிறது. மன்றத்தின் பணம் எல்லாருடைய அடிப்படை வசதிக்குமான பணம், அதை இழப்பீட்டுக்குக் கொடுத்துவிட்டால் குப்பை அள்ளவும் விளக்குப் போடவும் என்ன செய்வது என்ற போக்கில் அந்தத் தீர்ப்பின் வாதம் அமைந்தது.

வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பரிசோதிக்கும் அதிகாரம் ஒருவரிடம், தவறினால் வரும் நஷ்டம் வேறொருவரிடம் என்றால் சாமானியனுக்கு அது எப்படி ஏற்கும்? இந்தச் சட்டம் உலு கிள்ளானுக்கு மட்டுமன்று, சுங்கைப்பட்டாணிக்கும் அலோர்ஸ்டாருக்கும் பொருந்தும் என்பது குறிப்பிடத்தக்கது.

அப்படியானால் கையெழுத்துப் போட்டவர் யார் என்று பார்ப்பதுதான் வழி. 2007 ஏப்ரல் 12-க்கு முன்பு வீட்டுக்குத் தகுதிச் சான்றிதழ், அதாவது நம் மக்கள் சொல்லும் 'சி.எஃப்.', ஊராட்சி மன்றத்திலிருந்து வரவேண்டும். அதன்பின் 'சி.சி.சி.' வந்தது. இதை வழங்குபவர் அந்தத் திட்டத்தின் கட்டடக் கலைஞர் அல்லது பொறியியலாளர். அதற்கு முன் அடித்தளம், தூண், கழிவுநீர், மின்சாரம் என ஒவ்வொரு கட்டத்துக்கும் 'ஜி' பாரங்கள் உண்டு, மொத்தம் 21. அந்த வேலையைச் செய்த குத்தகையாளரும் மேற்பார்த்த நிபுணரும் அவற்றில் கையெழுத்திட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகே 'எஃப்' பாரம். அடித்தளத்தில் கோளாறு என்றால் அந்த ஜி பாரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று தேடிப் பிடிக்கலாம்.

இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. அந்த நிபுணருக்குச் சம்பளம் கொடுப்பது மேம்பாட்டு நிறுவனம்தான். சம்பளம் கொடுப்பவரிடமே "உங்கள் வேலை சரியில்லை" என்று சொல்லும் துணிவு எல்லாருக்கும் வருமா? கையெழுத்துக்காகத் தம் தொழில் உரிமத்தையே பணயம் வைக்கிறார் என்பது ஒன்றே இங்கே கடிவாளம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்து வீட்டைக் காலி செய்து, சேமநிதிப் பணத்தை எடுத்துத் தாமானில் வீடு வாங்கிய குடும்பங்கள் கெடாவில் ஏராளம். ஒரு தலைமுறையின் உழைப்பு முழுவதும் அந்த நான்கு சுவர்களுக்குள்தான் இருக்கிறது. வீடு கிடைத்த மறுமாதமே சுவரில் விரிசல் விட்டால் வயிறு எரியத்தானே செய்யும்?

ஆனால் எல்லா விரிசலும் ஆபத்தில்லை. பூச்சில் மட்டும் தலைமுடிபோல் ஓடுவது பூச்சு உலரும்போது வருவது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுவதும், செங்கல் வரிசையில் படிக்கட்டுபோல் இறங்குவதும்தான் அஸ்திவாரம் அசைகிறது என்பதற்கான அறிகுறிகள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். படமும் எடுத்து வையுங்கள். மூன்று மாதத்தில் கோட்டைத் தாண்டியிருந்தால் அது வளர்கிறது என்று பொருள்.

முடா சமவெளியின் களிமண் மென்மையானது. அங்கே கட்டப்படும் வீடுகள் ஆழத்தில் இறக்கிய தூண்களின் மேல் நிற்பது வழக்கம். பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டும்போது பலர் வரைபடமும் போடுவதில்லை, தூணும் இறக்குவதில்லை. "பக்கத்து வீட்டிலும் அப்படித்தான் கட்டினார்கள்" என்பதே அவர்களுக்கு அனுமதிப் பத்திரம்! பழைய வீடு அசையாமல் நிற்க, புதிய சமையலறை மட்டும் மெல்ல மெல்ல மண்ணில் இறங்கும். இரண்டும் ஒட்டிய இடம் பிளந்துகொள்ளும். அதற்கு மேம்பாட்டு நிறுவனத்தைக் கேட்டுப் பயனில்லை.

ஆலயங்களையும் மண்டபங்களையும் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துவிட்டு அதற்குள் கூரைத் தளத்தை முடிக்க அவசரப்படுகிறோம். கான்கிரீட் காய்வதில்லை. சிமெண்டு தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது. அதனால்தான் ஈரச் சாக்கு போட்டு நனைக்கிறார்கள். அதன் பலத்தை 28 நாள் கணக்கில் அளப்பது பொறியியல் வழக்கம். முட்டுக்கட்டைகளை எப்போது எடுக்கலாம் என்பதைப் பொறியியலாளர் சொல்லவேண்டும், ஆலயத் தலைவரோ பஞ்சாங்கமோ அன்று. தோட்டத்து மக்களின் பத்து வெள்ளியிலும் இருபது வெள்ளியிலும் எழும் கட்டடத்துக்கு ஒரு பொறியியலாளரின் கட்டணத்தை மிச்சம் பிடிப்பது என்ன சிக்கனம்?

இனி, கட்டடத்தின் கீழே நிற்பவர்கள். 2017 அக்டோபர் 21-ஆம் தேதி பினாங்கு தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 பேர் புதைந்தனர். ஓராண்டுகூட முழுதாக ஆகவில்லை. 2018 அக்டோபர் 19-இல் அதே தீவின் புக்கிட் குக்குஸ் சாலைத் திட்டத்தில் மீண்டும் மண்சரிவு. ஒன்பது அந்நியத் தொழிலாளர்கள் பலி. தினமும் கெடாவிலிருந்து பாலம் கடந்து தீவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தூரத்துச் செய்தி அன்று. வேலை நிறுத்த உத்தரவு, விசாரணை, அறிக்கை, பிறகு அமைதி. மக்களின் கோபம் இந்தச் சுழற்சியின் மேல்தான்.

பெரிய திட்டங்களில் முதன்மைக் குத்தகையாளருக்குக் கீழே துணைக் குத்தகையாளர், அவருக்குக் கீழே இன்னொருவர், கடைசியில் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டு. விபத்து நடந்தால், "அவன் எங்கள் ஆள் இல்லை" என்று மேலே உள்ளவர் சொல்லிவிடலாம். தோட்டத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கங்காணி முறையைப் பார்த்தவர்கள் அவர்கள். துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே ஒருவரை நிறுத்திவிட்டால், குறை கேட்க யாரிடம் போவது?

இந்தச் சந்தில் சட்டம் கொஞ்சம் வெளிச்சம் போட்டிருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. வேலையைக் குத்தகைக்குக் கொடுத்தவருக்கும் தம் குத்தகையாளர், துணைக் குத்தகையாளர், அவர்களின் ஆட்கள் மீது கடமை உண்டு என்று அது எழுதி வைத்துவிட்டது. முதலாளியின் பொதுக் கடமையை மீறினால் அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 5 லட்சம் வெள்ளி வரை உயர்ந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதும் தொழிலாளி, முதலாளி அதை நீக்காவிட்டால் அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. சாரக்கட்டு ஆடுகிறது என்று சொன்னதற்கே வேலை போன காலத்தை நினைத்தால் இது சிறிய மாற்றமன்று. ஆனால் பெர்மிட்டும் கடனும் கழுத்தை நெரிக்கும் ஒரு வங்காளதேசத் தொழிலாளி அப்படி விலகி நிற்பாரா என்பது வேறு விஷயம். 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளர்களும் சொக்சோ பாதுகாப்பின்கீழ் கொண்டுவரப்பட்டிருக்கிறார்கள். விபத்து நடந்தபின் குடும்பத்துக்குப் பணம் போய்ச்சேர அது வழி. விபத்தைத் தடுக்க அன்று.

வீடு வாங்கியவர்களுக்கு வருவோம். மேம்பாட்டு நிறுவனத்திடம் சட்டமுறை ஒப்பந்தத்தில் வாங்கிய புது வீடு என்றால், சாவி கிடைத்த நாளிலிருந்து 24 மாதம் குறைகளைச் சரிசெய்வது அவர்கள் பொறுப்பு. தொலைபேசியில் திட்டுவது கணக்கில் வராது. எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். 30 நாளுக்குள் அவர்கள் பழுது பார்க்க வேண்டும். செய்யாவிட்டால், செலவு மதிப்பீட்டை அனுப்பி மேலும் அவகாசம் கொடுத்தபின் நீங்களே சரிசெய்து, வழக்கறிஞரிடம் பிடித்து வைக்கப்பட்டிருக்கும் தொகையிலிருந்து கோரலாம். வீட்டு விலையில் நூற்றுக்கு 5 அதற்காகவே அங்கே இருக்கிறது. அதில் பாதி 8 மாதத்தில் விடுவிக்கப்பட்டுவிடும் என்பதால் தாமதிக்கக் கூடாது.

50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் இருக்கிறது. 24 மாதம் முடிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பதிய வேண்டும். கட்டணம் 10 வெள்ளி. அதைவிடப் பெரிய நஷ்டத்துக்கு நீதிமன்றம்தான். முன்பு சேதம் நேர்ந்து ஆறாண்டு கடந்தால் கதவு மூடிவிடும். மண்ணுக்குள் மறைந்திருக்கும் கோளாறு ஆறாண்டில் தெரியவே தெரியாமல் போகலாம். 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி, இப்படி மறைந்திருந்த சேதம் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டு அவகாசம் உண்டு, மொத்தம் 15 ஆண்டு எல்லைக்குள். சுவரில் பென்சிலால் எழுதி வைத்த தேதி அன்றைக்குச் சாட்சி சொல்லும்.

சொந்த நிலத்தில் குத்தகையாளரை வைத்துக் கட்டுபவர்களுக்கு இந்த 24 மாதமும் இல்லை, நடுவர் மன்றமும் இல்லை. அவர்களுக்குக் குத்தகையாளரோடு எழுதிக்கொண்ட ஒப்பந்தம் ஒன்றுதான் கையில் இருக்கும். எழுதாமல் வாய்ப்பேச்சில் முன்பணம் கொடுத்தவர்களுக்கு அதுவும் இல்லை.