மார்கழி வைகறையும் மூச்சின் நலமும்

மார்கழி பிறந்தால் வைகறையில் நீராடி, திருப்பாவையும் திருவெம்பாவையும் ஓதி ஆலயம் செல்வது பெரியோரின் வழக்கம். ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் உடையோருக்கோ இம்மாதம் சோதனைக் காலமாகவும் அமைகிறது.

குளிர்ந்த இரவுகளில் நிலத்தை ஒட்டிய காற்று மேலெழுவதில்லை. எனவே புகையும் தூசியும் விடியற்போதில் தாழவே தேங்கி நிற்கின்றன. குளிரோ மூச்சுக்குழாயைச் சுருக்குகிறது. 2018 ஆம் ஆண்டு போகிப் புகையால் சென்னையில் விமானங்களே தாமதமாயின எனில், முதியோரின் நுரையீரல் படும் பாட்டைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆதலின், வெளியே செல்கையில் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வது நன்று. பனி மிகுந்த நாளில் கதிரவன் எழுந்தபின் தரிசிப்பதால் பக்தி குறைந்துவிடாது. போர்வை, தலையணை உறைகளை வாரந்தோறும் 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் துவைத்தால், ஒவ்வாமை தரும் தூசிச் சிற்றுண்ணிகள் மடியும். சாம்பிராணிப் புகை ஒவ்வாதோர் இல்லத்தில் நெய்விளக்கும் மலருமே பூசைக்குப் போதும்.

வைகுண்ட ஏகாதசி விரதத்தை எண்ணி இன்ஹேலரை நிறுத்துவோர் உண்டு. அது உணவன்று. மருத்துவர் நாள்தோறும் இழுக்கச் சொன்ன மருந்து, இழைப்பு இல்லாத நாளிலும் மூச்சுக்குழாயின் அழற்சியை அடக்கிவைக்கிறது. அதனைக் கைவிட்டால் இழைப்பு மீண்டும் தலைதூக்கும். பேசவும் இயலாதவாறு மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பொழுது விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

நாமம் சொல்லும் நாவுக்கு மூச்சே துணை. அதனைப் பேணுவதும் வழிபாட்டின் ஓர் அங்கமே.