தராசில் ஏறாத உயிர்கள்

புது தில்லி: கடத்தப்பட்ட ஒருவரை மீட்க அரசு என்ன விலையும் தரலாமா? இக்கேள்வியை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தவர் மகனைப் பறிகொடுத்த ஒரு தந்தை.

கொள்ளேகால் வட்டம் மீண்யம் அருகே 1992 ஆகஸ்ட் 14-ல் வீரப்பன் கும்பலால் கொல்லப்பட்டார் சப்-இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமது. 2000 ஜூலை 30-ல் நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டதும், மைசூர் சிறையிலிருந்த தடா கைதிகள் மீதான வழக்கைக் கைவிடக் கர்நாடக அரசு முன்வந்தது. ஷகீலின் தந்தை அப்துல் கரீம் எதிர்த்து மனு செய்தார். நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் அம்முடிவை ரத்து செய்தது. கைதிகள் விடுவிக்கப்படாமலேயே, 108-ம் நாள் ராஜ்குமார் மீண்டார்.

முகம் தெரிந்த ஓர் உயிருக்காகப் பதறும் சமூகம், எண்ணிக்கையாக மட்டுமே தெரியும் உயிர்களுக்காகப் பதறுவதில்லை என்பதை 1968-லேயே சுட்டிக்காட்டினார் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங். அரசுகளும் இதற்கு விலக்கல்ல.

2002 ஆகஸ்டில் கொள்ளேகாலை அடுத்த காமகெரேயில் கடத்தப்பட்ட முன்னாள் அமைச்சர் நாகப்பா, டிசம்பரில் பிணமாகவே கிடைத்தார். பேரம் பேசப்பட்ட தடா கைதிகளோ பெரும்பாலும் மலையோர ஏழைகள். பல ஆண்டு சிறைவாசத்துக்குப் பின் 2001-ல் அவர்களில் பெரும்பாலோர் விடுதலை செய்யப்பட்டனர். இழந்த ஆண்டுகளை எந்த விலை கொடுத்தும் மீட்க முடியாது.