சாப்பாவுக்காக முறிந்த எலும்புகள்

கப்பலில் மூட்டை தூக்கும்போது கால் இடறி விழுந்தால் அது விபத்து. கப்பல் பக்கமே போகாமல், வேலை கேட்டு நின்ற இடத்திலேயே மிதிபட்டுக் கை முறிந்தால்? 1950-களில் கொச்சி மட்டாஞ்சேரியின் துறைமுகத் தொழிலாளர்களுக்கு இந்த ஆபத்தும் பழகிப்போனது.

காரணம், ‘சாப்பா’. உலோகத்தாலான சிறு வில்லை. அன்றைய சரக்குக்கு எத்தனை ஆள் வேண்டுமோ அத்தனை வில்லைகள் மேஸ்திரியிடம் இருக்கும். கூடி நிற்பவர்கள் அதைவிடப் பல மடங்கு. வில்லைகளை அள்ளிக் கூட்டத்துக்குள் வீசுவார்கள். கையில் சிக்கியவர் வீட்டில் அன்று அடுப்பெரியும். ஒரு வில்லைக்கு ஒரு கும்பலே பாயும். கீழே கிடப்பவர் முதுகில் யார் கால் என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

வேலையின்போது, வேலையால் நேர்ந்த காயத்துக்கு முதலாளி ஈடு தர வேண்டும் என்ற சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. ஆனால் சாப்பா கிடைக்காதவர் யாருடைய வேலையாள்? அடிபட்டவருக்கு முதலாளியே கிடையாது! சட்டத்தை மீறாமலே மனிதரை முடமாக்கும் சாமர்த்தியமான ஏற்பாடு.

துறைமுகத் தொழிலாளர்களைப் பதிவு செய்து முறைப்படி வேலை தர வழிசெய்யும் சட்டம் 1948-இல் வந்தது. மட்டாஞ்சேரியில் அதன்பிறகும் வில்லைதான் பறந்தது. 1953-இல் வேலைநிறுத்தம் வெடித்தது. செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டதில் சைது, சைதலவி என்ற தொழிலாளர்கள் இருவரும் இறந்தார்கள். போலீஸாரிடம் அடிபட்ட ஆண்டனியும் உயிரிழந்தார். கே.எம். சிதம்பரன் இதை ‘துறமுகம்’ என்று நாடகமாக்கினார். அதே பெயரில் ராஜீவ் ரவி எடுத்த படம் 2023-இல் வெளியானது.

சாப்பா ஒழிந்தது, சுமை ஒழியவில்லை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக் கிடங்குகளில் லாரிக்கும் வாசலுக்கும் நடுவே மூட்டை இன்னும் சும்மாட்டின் மேல்தான் நகர்கிறது. இந்த வேலையில் காயம் ஒரே நாளில் வருவதில்லை. கழுத்தும் முழங்காலும் வருடக்கணக்கில் தேய்கின்றன. தேய்மானத்துக்குத் தேதி கிடையாது. தேதி இல்லாத காயத்துக்கு ஈடு கேட்பதும் லேசல்ல.

ஒருவர் தூக்கக்கூடிய சுமையை 75 கிலோவிலிருந்து 55 கிலோவாகவும், பெண்களுக்கு 35 ஆகவும் குறைக்கக் கேரள அரசு முடிவெடுத்தது 2021-இல். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஆண்களுக்கு இதே 55 கிலோவைப் பரிந்துரைத்தது 1967-இல்!

மூட்டையின் எடையைத் தீர்மானிப்பவர் தூக்குபவர் அல்ல, கட்டுபவர். கொச்சியிலிருந்து மிளகும் சுக்கும் மொத்தமாக வாங்கும் நம் ஊர் வியாபாரிகள், ஆர்டர் கொடுக்கும்போதே 50 கிலோவுக்கு மேல் மூட்டை வேண்டாம் என்று சொல்லிவிடலாமே.