மாணவரும் அவரே, பணியாளரும் அவரே: மேற்படிப்பு மருத்துவர்களின் மணிக்கணக்கு

எம்.டி., எம்.எஸ். போன்ற மருத்துவ மேற்படிப்புகளில் சேருபவர், பல்கலைக்கழகப் பதிவேட்டின்படி ஆய்வேடு எழுதி, கருத்தரங்குகளில் பேசி, 3 ஆண்டுகளின் முடிவில் தேர்வு எழுத வேண்டிய மாணவர். மருத்துவமனையிலோ புறநோயாளிப் பிரிவு, வார்டு, அறுவை அரங்கு, இரவு டூட்டி ஆகிய அனைத்தையும் தாங்கும், அதற்கு உதவித்தொகை பெறும் பணியாளர். படிப்புச் சுமை மாணவர்களை எவ்வாறு களைத்துப்போகச் செய்கிறது என்பதை ஆராய்வதற்கு இவர்களைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

‘பர்ன் அவுட்’ எனப்படும் பணிச்சோர்வை 1974-இல் உளவியல் ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதை மூன்று கூறுகளாகப் பிரித்து அளக்கும் வினாநிரலை உருவாக்கினார்: உறங்கி எழுந்தாலும் தீராத மனக்களைப்பு, எதிரில் இருப்பவரை மனிதராகக் கருத இயலாத விட்டேற்றித்தன்மை, தன்னால் எதுவும் உருப்படியாக நடக்கவில்லை என்னும் எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோயாக அன்றி, கையாளப்படாத பணி நெருக்கடியின் விளைவாகவே வரையறுத்ததோடு, பணிச்சூழலுக்கு மட்டுமே உரியதென்றும் வரம்பிட்டது. ஆனால் வகுப்பும் ஒப்படைப்பும் தேர்வும் கட்டாயமாக இருக்கையில் படிப்பும் ஒருவகைப் பணியே என்று கொண்டு, வில்மார் ஷௌஃபெலி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2002-லேயே அவ்வினாநிரலை மாணவர்களுக்கென மாற்றியமைத்திருந்தனர். மேற்படிப்பு மருத்துவர் இரு வரையறைகளுக்குள்ளும் அடங்குபவர்.

மத்திய சுகாதார அமைச்சகம் 1992-இல் வெளியிட்ட ஆணை, இத்தகைய இளநிலை மருத்துவர்களின் பணி சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி நேரமாக இருக்க வேண்டும் என்றும், தொடர்ச்சியாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் கூறுகிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு மேற்படிப்பு விதிகளோ எண் எதையும் குறிப்பிடாமல், ‘நியாயமான’ பணிநேரம் என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. இவ்வளவு நெகிழ்வான சொல் எவருக்குப் பயன்படும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-இல் பரிந்துரைத்த உச்சவரம்பு வாரத்துக்கு 74 மணி நேரம்.

வாரத்தின் 168 மணி நேரத்தில் 74-ஐப் பணிக்கும், நாளுக்கு 8 வீதம் 56-ஐ உறக்கத்துக்கும் ஒதுக்கினால் எஞ்சுவது 38 மணி நேரம். உணவு, குளியல், பயணம், துணி துவைத்தல், வீட்டாருடன் பேசுதல் ஆகியவற்றோடு, ஆய்வேட்டுக்குத் தரவு திரட்டுவதும் மறுநாள் கருத்தரங்குக்குத் தயாராவதும் பாடநூல் படிப்பதும் இந்த 38-க்குள்ளேயே அடங்கியாக வேண்டும். பணி நீளும்போது வார்டிலிருந்து நேரத்தை மீட்க முடியாது. தேர்வையும் தள்ளிவைக்க முடியாது. ஆகவே குறைவது உறக்கமாகவோ உறவாகவோதான் இருக்கும். ஏனைய ஊழியருக்குப் பணி முடிந்த நேரம் ஓய்வு என்றால், இவருக்கு அது படிக்காமல் விட்ட பக்கங்களை நினைவூட்டும் நேரம். எனவே பணியையும் வாழ்வையும் இரு தட்டுகளில் வைத்துப் பேசும் வழக்கமான அறிவுரை இவர்களுக்குப் பொருந்துவதில்லை. படிப்பு என்னும் மூன்றாவது சுமை இரண்டிலும் படிந்திருக்கிறது.

இச்சோர்வின் விலையை நோயாளியும் தருகிறார். 1984-இல் நியூயார்க் மருத்துவமனையில் லிபி ஜயன் என்னும் 18 வயது மாணவி இறந்தபோது, அவரைக் கவனித்த பயிற்சி மருத்துவர்களின் நீண்ட பணிநேரம் பெரும் விவாதமாகி, அம்மாநிலத்தில் 1989 முதல் வாரத்துக்குச் சராசரியாக 80 மணி நேர வரம்பு நடைமுறைக்கு வந்தது. 2003-இல் அது அமெரிக்கா முழுமைக்கும் விரிந்தது. மணிகளைக் குறைப்பதற்கும் ஒரு விலை உண்டு. 2011-இல் முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்களுக்கு விதிக்கப்பட்ட 16 மணி நேரத் தொடர்பணி வரம்பு, நோயாளி கைமாறுவது அடிக்கடி நிகழ்வதாலும் ஒரே நோயாளியைத் தொடர்ந்து கவனித்துக் கற்கும் வாய்ப்பு குறைவதாலும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் 2017-இல் கைவிடப்பட்டது.

மணிக்கணக்கு மட்டுமே காரணமாகிவிடாது. ஒருவரிடம் கோரப்படும் உழைப்புக்கும் அவருக்குக் கிடைக்கும் ஆதரவு, சுதந்திரம், வழிகாட்டல் ஆகியவற்றுக்கும் இடையிலான இடைவெளியே சோர்வைப் பெருக்குகிறது என்கிறது ஈவாஞ்சலியா டெமெரூட்டி, ஆர்னால்ட் பாக்கர் முதலானோர் 2001-இல் முன்வைத்த கோட்பாடு. அறுவை அரங்கில் மூத்தவர் பக்கத்தில் நின்று கற்கும் 10 மணி நேரமும், ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தேடி ஆய்வகத்துக்கு நடந்து, கேஸ் ஷீட்டுகளை நிரப்பிக் கழிக்கும் 10 மணி நேரமும் கணக்கில் ஒன்றாக இருக்கலாம், உடலும் மனமும் அவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை. யூனிட்டில் முதலாண்டு மாணவருக்கு வந்துசேருவது பெரும்பாலும் இரண்டாவது வகை வேலை. அதை எழுத்தர்களிடமும் உதவியாளர்களிடமும் ஒப்படைக்காமல், மன அழுத்தத்தைத் தணிக்கவென்று யோகா வகுப்பை அட்டவணையில் சேர்ப்பது, சுமையோடு இன்னொரு சுமையைக் கட்டுவதாகவே முடியும்.

பரிந்துரைகள் விதியாக மாறினாலும் அவற்றைக் கண்காணிப்பது எளிதன்று. அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களே தம் பணிநேரத்தைப் பதிவு செய்கின்றனர்; வரம்பு மீறல் தெரியவந்தால் அவர்கள் பயிலும் துறையின் அங்கீகாரத்துக்கே ஆபத்து வரக்கூடும் என்பதால், உண்மையில் உழைத்ததைவிடக் குறைத்து எழுதும் போக்கு அங்கு நன்கு அறியப்பட்ட சிக்கல். இந்தியாவில் 74 மணி நேர வரம்பு கட்டாயமாக்கப்பட்டால், தேர்வில் மதிப்பெண் இடும் பேராசிரியரின் கீழ் பணிபுரியும் மாணவரிடமே அப்பதிவை ஒப்படைக்காமல், கல்லூரிக்கு வெளியே உள்ள அமைப்பொன்று வருகைக் கருவிகளிலிருந்து நேரடியாகக் கணக்கெடுக்க வேண்டியிருக்கும்.